அரிவாள் சுத்தியலுக்கு ஒரு சுதந்திரா ஓட்டு

1967 பிப்ரவரியில் நடந்த நான்காவது பொதுத்தேர்தலில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்றவர் ஆர். உமாநாத், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட். 1962இல் பிளவுபடாத கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் அதே தொகுதியில் வென்றிருந்தவர் அவர். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1967இல் அவர் நின்ற அணியில் தி.மு.க., முஸ்லிம் லீக், சோசலிஸ்டுகள் ஆகியோரோடு இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. அரசாங்கம் மக்களின் தொழிலிலும் நிலத்திலும் வீட்டிலும் தலையிடக் கூடாது என்பதற்காகவே 1959இல் தொடங்கப்பட்ட கட்சி அது. அதன் ஆதரவாளர் ஒருவர் அந்தத் தேர்தலில் புதுக்கோட்டைத் தொகுதியில் இருந்திருந்தால், தம் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தை மறந்துவிட்டு அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தில் முத்திரை குத்த வேண்டியிருந்திருக்கும்.

அது சரியான ஓட்டுதானா? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்வி பழசாகவில்லை. அளவான அரசு போதும் என்று நினைக்கும் வாக்காளருக்கு, மனத்துக்கு முழுதும் ஒத்த வேட்பாளர் எந்தத் தேர்தலிலும் வாய்ப்பதில்லை. அவர் முன் நிற்பவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் அரசின் கையை நீட்டுபவர்கள்தாம். அவர்களில் ஒருவரை எந்த அளவுகோலால் தேர்வது என்பதற்கு 1967இன் புதுக்கோட்டையைவிடக் கடினமான தேர்வு வேறில்லை. விடை தெரிந்த கணக்கு என்பதால், போட்ட ஓட்டு என்ன ஆயிற்று என்றும் பார்த்துவிடலாம்.

அன்றைய மனக்குறை

புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டமில்லை. 1948 மார்ச் 3 அன்று தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் அது திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். ஏரி, கண்மாயை நம்பிய, வானம் பார்த்த சீமை. திருமயம், பொன்னமராவதி வட்டாரங்களில் கடல் கடந்து வணிகம் செய்த குடும்பங்கள் நிறைய. பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கியபோது, அரசு கைநீட்டினால் ஒரு தலைமுறையின் சேமிப்பு எப்படிப் போகும் என்பதை இந்தச் சீமை நேரில் கண்டது.

உள்ளூரிலும் குறை குறைவில்லை. தொழில் தொடங்க லைசென்ஸ், பொருள் வாங்க பெர்மிட், நெல் ஏற்றிச் செல்லத் தடை. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று பொற்கொல்லர் பட்டறைகளை முடக்கியது. 1959 ஜனவரியில் காங்கிரஸின் நாகபுரி மாநாடு கூட்டுப்பண்ணை விவசாயத்தை லட்சியமாக அறிவித்தது. அதை எதிர்த்துத்தான் சுதந்திராக் கட்சியே பிறந்தது. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் விராலிமலை சண்முகமும் கீரனூர் முத்துவும் நஞ்சுண்டு மாண்டார்கள். ஒரு மொழியை ஆட்சியின் பலத்தால் சுமத்துவதும் அரசின் அத்துமீறல்தான். எனவே அளவான அரசை விரும்பியவருக்குக் காங்கிரஸின் மேல் கோபம் கொள்ளக் காரணம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் ஓட்டுக்குக் காரணமாகாது. மூன்று சோதனைகளை வைத்து இரு பக்கத்தையும் எடைபோட வேண்டும்.

முதல் சோதனை: விசாரணையின்றிச் சிறை

அரசு எவ்வளவு வரி போடுகிறது என்பதைவிட, காரணம் சொல்லாமல் ஒருவரைப் பிடித்து அடைக்க அதனால் முடிகிறதா என்பதே முதல் கேள்வி. சீனப் போரை ஒட்டி 1962 அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. போர் ஒரே மாதத்தில் ஓய்ந்தது. நெருக்கடி நிலை ஓயவில்லை. 1967இல் மக்கள் ஓட்டுச்சாவடிக்குப் போன அன்றும் அது நடப்பில் இருந்தது. 1968 ஜனவரியில்தான் விலக்கப்பட்டது.

அந்த அதிகாரம் யார் மேல் பாய்ந்தது என்பதற்குச் சான்று தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். 1964 டிசம்பர் இறுதியில் மார்க்சிஸ்ட் தலைவர்கள் நாடெங்கும் பிடிக்கப்பட்டபோது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அடைக்கப்பட்டவர்களில் புதுக்கோட்டையின் மக்களவை உறுப்பினர் உமாநாத்தும் ஒருவர். திருச்சியின் உறுப்பினர் அனந்தன் நம்பியாரும் அவருடன். இருவரும் உச்சநீதிமன்றம் போனார்கள். மக்களவை உறுப்பினர் என்பதால் தடுப்புக்காவலிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது என்று 1965 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை, எந்தக் குற்றத்தையும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்காமல், அரசு அடைத்துவைக்க முடிந்தது. சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது.

இந்தச் சோதனையில் காங்கிரஸ் தெளிவாகத் தோற்கிறது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் கொள்கையளவில் தேறுகிறாரா என்றால் இல்லை. 1956இல் ஹங்கேரியில் சோவியத் படைகள் நடத்தியதைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒருவரிடம் அந்த அதிகாரம் கையில் இருந்தது, பயன்படுத்தவும் பட்டது. மற்றவர் அதற்கு இரையானவர். இந்தியாவில் அதுவரை கம்யூனிஸ்டுகள் ஆண்ட ஒரே மாநிலமான கேரளத்தில், 1959இல் டெல்லி அவர்களைக் கலைத்தபோது பதவியைவிட்டு அமைதியாகத்தான் இறங்கினார்கள். நாளை நடக்கக்கூடிய தீமையையும் இன்று நடக்கும் தீமையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இரண்டாம் சோதனை: தொழிலும் சொத்தும்

இதில் முடிவு தலைகீழ். நேர்மையாகச் சொன்னால் காங்கிரஸே மேல். நாகபுரித் தீர்மானம் தீர்மானமாகவே நின்றது. கூட்டுப்பண்ணையை யார் மேலும் கட்டாயமாகத் திணிக்கவில்லை. சென்னை மாநிலத்தின் 1961 நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கரை விட்டுவைத்தது. மார்க்சிஸ்ட் கட்சியோ அந்த உச்சவரம்பு போதாது, வங்கிகள் அரசிடம் வர வேண்டும், மொத்த வணிகம் அரசிடம் வர வேண்டும் என்றது. பெர்மிட் ராஜ்யத்தின் மேல் அதற்கு இருந்த குறை, பெர்மிட் போதவில்லை என்பதுதான்.

சட்டமன்றத்துக்கான ஓட்டிலும் இதே சிக்கல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. மேடை தோறும் முழங்கியது. அரிசிக்கு வரிசையில் நின்றவருக்கு அது வெறும் பசப்பு இல்லை, பசிக்கான பதில். ஆனால் அந்த அரிசியின் விலையைக் கஜானாதான் தர வேண்டும். அண்ணா முதல்வரானபின் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. பணம் இல்லாததால் மாநிலம் முழுக்கப் போகவில்லை. கட்டுப்பாட்டை எடுத்தால் அரிசி வரும் என்பதே இராஜாஜியின் நம்பிக்கை. 1952இல் முதல்வராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி அதைச் செய்தும் காட்டினார். 1967இல் அவர் கைகோத்த கட்சி நேர் எதிர்த் திசையில் போவதாக வாக்களித்தது.

ஆகவே சொத்தையும் தொழிலையும் மட்டும் எடைபோட்டால், சுதந்திரா வாக்காளர் பேசாமல் காங்கிரஸுக்கே போட்டிருக்கலாம்.

மூன்றாம் சோதனை: அதிகாரக் குவிப்பு

என் கணிப்பில் தராசைச் சாய்ப்பது இந்த மூன்றாவதுதான். 1962 மக்களவையில் காங்கிரஸுக்கு 361 இடம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அரசியல் சட்டத்தைத் திருத்த அந்தக் கட்சி வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. 1964இல் 17ஆம் திருத்தம் அப்படித்தான் வந்தது. நிலம் பற்றிய சட்டங்கள் பலவும் அடிப்படை உரிமைகளின் பெயரால் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி ஒன்பதாம் அட்டவணைக்குள் போயின. டெல்லியிலும் சென்னையிலும் இருபது ஆண்டுகளாக ஒரே கட்சி. லைசென்ஸ் தருகிறவரும் அதை மறுக்கிறவரும் தேர்தல் நிதி கேட்கிறவரும் ஒருவரே ஆகிவிட்ட நிலை அது. கெட்ட கொள்கை கொண்ட ஒரு எதிர்க்கட்சிக்காரரால் விளையும் தீங்கைவிட, மாற்ற முடியாத ஒரு ஆளும் கட்சியால் விளையும் தீங்கு பெரியது. முன்னதைச் சபையில் தோற்கடிக்கலாம். பின்னதைத் தோற்கடிக்கச் சபையில் ஆள் இருக்காது.

1967 அந்த நிலையை உடைத்தது. மக்களவையில் காங்கிரஸ் 283க்கு இறங்கியது. சென்னை மாநிலத்தின் 39 இடங்களில் அதற்குக் கிடைத்தவை மூன்று, தி.மு.க.வுக்கு 25, சுதந்திராவுக்கு 6, மார்க்சிஸ்டுகளுக்கு 4. சட்டமன்றத்தில் தி.மு.க. 137, சுதந்திரா 20. காங்கிரஸின் ஓட்டுச் சதவீதம் 41ஐ ஒட்டியிருந்தது, தி.மு.க.வின் சதவீதத்தைவிடச் சற்றே கூடுதல். அதாவது ஆட்சி மாறியதற்குக் காரணம் மக்களின் மனம் ஒரேயடியாகப் புரண்டது மட்டுமில்லை. சிதறிக் கிடந்த எதிர் ஓட்டுகள் ஒன்றாகச் சேர்ந்ததுதான். அந்தச் சேர்க்கையில் ஒவ்வொரு தொகுதியும் ஒரு செங்கல். புதுக்கோட்டையில் சுதந்திராக்காரர் கம்யூனிஸ்டுக்குப் போட மறுத்து, மற்றொரு தொகுதியில் கம்யூனிஸ்ட் சுதந்திராவுக்குப் போட மறுத்திருந்தால் சுவர் எழும்பியிராது.

வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பார்கள் சிலர். நோட்டா 2013இல்தான் வந்தது. அன்று மறுப்பைப் பதிவு செய்ய வழியில்லை. போடாத ஓட்டு, அதிகாரத்தில் இருப்பவருக்கு நேர்ந்த வசதி. அதை விலகி நின்றதாக எண்ண முடியாது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம்

இத்தனையும் சொன்னபின், இந்த ஓட்டுக்கு எதிரான வாதத்தை அதன் முழுப் பலத்தோடு கேட்க வேண்டும். 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் ஒரே அவசரச் சட்டத்தில் அரசுடைமையாயின. கானாடுகாத்தான் குடும்பத்தைச் சேர்ந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் ஒன்று. மார்க்சிஸ்டுகளும் தி.மு.க.வும் அதை வரவேற்றார்கள். அந்த ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் பிளந்து இந்திரா காந்தி பெரும்பான்மை இழந்தபோது, அவருடைய ஆட்சியைத் தாங்கி நிறுத்தியவர்களும் இவர்களே. சுதந்திரா வாக்காளர் 1967இல் அனுப்பிய ஆட்கள், 1969இல் அவர் அஞ்சிய அரசையே காத்தார்கள்.

இதைவிடக் கூர்மையான பகுதி ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் அன்று காங்கிரஸ்காரர் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பெரும்பாலும் காமராஜருடன் பழைய காங்கிரஸில் நின்றது. அந்தக் காங்கிரஸ்காரரும் அநேகமாக இந்திராவை எதிர்த்துத்தான் வாக்களித்திருப்பார். 1970இல் மன்னர் மானியத்தை ஒழிக்கும் மசோதா வந்தது. மானியத்தின் மேல் அளவான அரசை விரும்புகிறவருக்குப் பற்று இருக்க வேண்டியதில்லை. ஆனால் தொண்டைமான் சமஸ்தானம் இணைந்தபோது அரசு எழுதிக் கொடுத்த வாக்கு அது. மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தது, இடதுசாரிகளும் தி.மு.க.வும் கூடக் கை தூக்கியதால். மாநிலங்களவையில் 149க்கு 75 என்ற கணக்கில், ஒரு ஓட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில் விழுந்தது. ஆகக் காங்கிரஸின் எண்ணிக்கையைக் குறைத்தது மட்டும் போதவில்லை. குறைந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார் என்பதும் கணக்கில் வந்தது.

இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். 1967 பிப்ரவரியில் நின்றவருக்கு 1969 தெரியாது. தெரிந்ததை வைத்து அவர் போட்ட ஓட்டு சரியே. காமராஜர் அன்று காங்கிரஸின் அகில இந்தியத் தலைவர், இந்திராவைப் பிரதமராக்கியவர்களில் முதன்மையானவர். அவர்கள் பிரிவார்கள் என்று எண்ணி ஓட்டுப் போட எவராலும் முடியாது. ஆனால் கட்சித் தலைமைக்கு இந்தச் சலுகை கிடையாது. தி.மு.க. தனிப் பெரும்பான்மை பெற்ற நாளிலேயே சுதந்திராவின் பேரம் முடிந்துபோயிற்று. ஓட்டைக் கொடுக்கும் முன், கட்டுப்பாடுகள் பற்றியோ வரி பற்றியோ ஒரு நிபந்தனையையாவது மக்கள் முன் எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. எதிர்ப்பு ஓட்டுக்கு ஒரு காலக்கெடு உண்டு. நெருக்கடி நிலை நீங்கிய 1968 ஜனவரியோடு அந்த ஓட்டின் பெரிய நியாயம் ஒன்று முடிந்தது. 1969 ஜூலையில் மிச்சமும் முடிந்தது. இராஜாஜி காமராஜருடன் சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தது 1971 தேர்தலில். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தி.மு.க.வுக்கு 184, சுதந்திராவுக்கு 6. மக்களவையில் இந்திராவுக்கு 352. திருத்தங்கள் மறுபடி தடையின்றி நிறைவேறின. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியும் மற்றொன்றில் கரைந்தது.

தலைவரும் குறையுள்ளவர்தாம்

இந்த எடைபோடலில் இராஜாஜியை மட்டும் தராசுக்கு வெளியே வைக்கக் கூடாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். எதிர்த்தவர்களை அடக்க, காங்கிரஸே முன்பு கண்டித்த குற்றச் சட்டத் திருத்தத்தைப் பயன்படுத்தியவரும் அவர். 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தவர். 1953இல் பிள்ளைகளின் அரை நாளைக் குடும்பத் தொழிலுக்கு ஒதுக்கும் கல்வித் திட்டத்தை மக்களைக் கேட்காமல் புகுத்தியவர். ஒருவர் என்ன குடிக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் மதுவிலக்கைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தவர். தம் ஆட்சியில் அரசு பெரிதாகவும் அடுத்தவர் ஆட்சியில் சிறிதாகவும் இருக்கட்டும் என்பது கொள்கையாகாது. சுதந்திராவின் பேச்சு ஏழை வீட்டு வாசலை எட்டாததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

புதுக்கோட்டையே அந்தப் பேச்சின் எல்லையையும் காட்டியது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் தந்தது. அரசும் தொண்டர்களும் சேர்ந்து செய்த வேலை அது. மாவட்ட ஆட்சியரே முன்னின்றார். அரசின் கை எங்கே ஒருவரைத் தன் காலில் நிற்க வைக்கிறதோ அங்கே அதை எதிர்ப்பது அறியாமை. அளவான அரசு என்பது அரசே இல்லாமை அன்று. தூக்கிவிட்டபின் கையை எடுத்துக்கொள்ளத் தெரிந்த அரசு அது.

ஒரே ஒரு முத்திரை

1969 ஆகஸ்டில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல் இந்த விவாதத்துக்கு மேலும் ஒரு பாடம் தருகிறது. வி.வி. கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டி, சி.டி. தேஷ்முக் என்று முக்கிய வேட்பாளர்கள் மூவர். சுதந்திராவும் ஜனசங்கமும் தேஷ்முக்கை நிறுத்தின. அங்கே வாக்காளருக்கு விருப்ப வரிசை உண்டு. தேஷ்முக்குக்கு முதல் விருப்பமாக 1,12,769 வாக்கு மதிப்பு விழுந்தது. இரண்டாம் விருப்பங்களை எண்ணியபோது கிரி 4,01,515இலிருந்து 4,20,077க்கும், ரெட்டி 3,13,548இலிருந்து 4,05,427க்கும் போனார்கள். தேஷ்முக்குக்குப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர், யாரை விரும்புகிறோம் என்பதையும் யாரைத் தடுக்க நினைக்கிறோம் என்பதையும் ஒரே சீட்டில் சொல்லிவிட்டார்கள். கிரி வென்றார், ஆயினும் தோற்றவர்கள் தம் கொள்கையை மறைத்துத் தோற்கவில்லை.

இலங்கையில் அந்த வசதி சாதாரண வாக்காளருக்கே இருக்கிறது. 2024 செப்டம்பரில் எவரும் பாதியைத் தாண்டாததால், அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க வென்றார். நம் வாக்காளருக்கு இருப்பது ஒரே முத்திரை, இன்று ஒரே பொத்தான். விருப்பத்தையும் தடுப்பையும் அது பிரித்துச் சொல்லாது. ஓட்டுச் சீட்டில் சொல்ல முடியாததை அதற்கு முன்பே வாயால் சொல்லி வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் விதி.

தீர்ப்பு

1967இல் புதுக்கோட்டையில் உமாநாத்துக்கு விழுந்த சுதந்திரா ஓட்டு சரியான ஓட்டு. மூன்று சோதனைகளில் ஒன்றில் அது தோற்றது. தோற்றது சிறிய சோதனையில். விசாரணையின்றி அடைக்கும் அதிகாரமும், மாற்ற முடியாத ஆட்சியும் லைசென்ஸைவிடப் பெரிய தீமைகள். ஆனால் நிபந்தனையின்றிக் கொடுத்ததும், காலம் முடிந்தபின்னும் திரும்பப் பெறாததும் தவறு. அந்த ஓட்டு வாக்காளரின் சிறப்பு. இந்தத் தவறுகள் தலைமையின் பிழை.

இன்றைய புதுக்கோட்டைக்கு மக்களவைத் தொகுதி என்ற பெயரே மிஞ்சவில்லை. தொகுதி மறுவரையறைக்குப் பின் மாவட்டம் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிரிந்து ஓட்டுப் போடுகிறது. சுதந்திராவைப் போன்ற கட்சியும் இல்லை. இலவசங்களின் பட்டியலை நீட்டுவதில் எல்லோரும் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள். அதனால் அளவான அரசை நாடுகிறவர் யாருக்கும் போடாமல் இருந்துவிட வேண்டும் என்பதில்லை. கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி அவர் கையில் இருக்கிறது. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு ஊராட்சி. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், புதுக்கோட்டை உட்படப் பல மாவட்டங்களில் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அதற்கு முன்பு 2016 முதல் 2019 வரையும் இதே கதைதான். இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அதிகாரக் குவிப்பு வேறு ஏது?

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தச் சின்னத்தில் வந்தாலும், ஊராட்சித் தேர்தலை உரிய நாளில் நடத்தச் சட்டமன்றத்தில் கை தூக்குவீர்களா, விசாரணையின்றி அடைக்கும் சட்டங்களுக்கு எதிராக வாக்களிப்பீர்களா என்று நாலு பேர் கேட்க அவரிடம் கேளுங்கள். ஆம் என்று சொல்பவர்களில் குறை குறைந்தவருக்குப் போடுங்கள். சொன்னதை அவர் மறந்தால், அடுத்த தேர்தலில் அந்த ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.